காலவரைவுக் கைக்கடிகாரமும் அதன் பழுதுநீக்கமும்

காலத்தை அறிதல் ஒன்று. காலத்தை அளத்தல் மற்றொன்று. பாடசாலை மணி அடிக்கும் வேளை வந்துவிட்டதா என்று வினவுபவர் காலத்தை அறிய விரும்புகிறார். மாணவன் ஒருவன் 400 மீற்றர் தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓடி முடித்தான் என்று வினவுபவர் காலத்தை அளக்க விரும்புகிறார். முன்னையதற்கு ஒரு கணத்தைக் குறித்தால் போதும். பின்னையதற்கு இரு கணங்களின் இடைவெளியைக் கணித்தல் வேண்டும். நம் முன்னோர் இவ்விரண்டினையும் அறிந்திருந்தனர். நாளொன்றினை 60 நாழிகையாகவும், நாழிகையொன்றினை 60 விநாழிகையாகவும் வகுத்தனர். இக்காலக் கணக்கின்படி நாழிகை 24 நிமிடம். விநாழிகை 24 செக்கன். பாசறையில் நீர்க்கன்னலின் துணைகொண்டு பொழுதளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டிற் காண்கிறோம்.

மணியைக் காட்டுதல், இடைவெளியை அளத்தல் என்னும் இவ்விரு தொழில்களையும் ஒரே கூட்டினுள் அடக்கி மணிக்கட்டிற் கட்டத் தந்த கருவியே காலவரைவுக் கைக்கடிகாரம். ஆங்கிலப் பெயரை ஒட்டிக் 'குரோனோகிராப்' என்று வழங்குவர். விளையாட்டுப் போட்டிகளில் ஆசிரியர் கையில் வைத்திருக்கும் நிறுத்தற் கடிகாரம் இடைவெளியை மாத்திரம் அளக்கும், மணி காட்டாது. காலவரைவுக் கடிகாரமோ மணியைக் காட்டிக்கொண்டே, பொத்தானை அழுத்தும்போது இடைவெளியையும் அளக்கத் தொடங்கும். மறுமுறை அழுத்த நிற்கும். மற்றைப் பொத்தானை அழுத்தச் சுழிக்கு மீளும். இவை யாவும் மின்கலம் எதுவுமின்றி, முறுக்கிய வில்லொன்றின் விசையால் நடைபெறுகின்றன.

இத்தகைய கடிகாரம் பழுதுற்றபோது அதனைத் திருத்தவல்ல கைவினைஞர் அருகிவிட்டனர். ஆதலின், தொழில்முறையாகப் பயிலாத ஆர்வலர் பலர் தாமே அதனைத் திறக்க முற்படுகின்றனர். அவ்வாறு முற்படுதல் தகுமா, தகுமாயின் எம்முறையில் முற்படல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் உண்மை ஒன்றேயாம்: காலவரைவுக் கடிகாரம் ஒரு பொறியன்று, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு பொறிகள். நோய் எப்பொறியினது என்று அறிந்தவன் பழுதுநீக்கத்தின் பெரும்பகுதியை முடித்தவனாவான். அதனை அறியாது திருப்புளியைக் கையில் எடுப்பவன் நோயற்ற உறுப்பையும் நோயுறச் செய்வான்.

வரலாறு

1816 ஆம் ஆண்டில் லூயி முவாநே என்பார் விண்மீன்களின் செலவை நோக்குதற்கென ஒரு கருவியை அமைத்தார். செக்கனொன்றின் அறுபதிலொரு பங்கினை அளக்கவல்லதாய், மணித்தியாலத்துக்கு 216,000 அடிகள் அடிக்கும் அக்கருவி நெடுங்காலம் உலகம் அறியாது கிடந்தது. அண்மையில், 2013 இலேயே அதன் பெருமை பரவலாக வெளிப்பட்டது. 1821 இல் பாரிசு நகரில் நிக்கொலா றியூசெக் என்பார் குதிரைப் பந்தயங்களுக்கென ஒரு கருவி செய்தார். அதன் முகப்பில் மைத்துளி விழுந்து நேரத்தைக் குறித்தது. காலத்தை எழுதுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களாலாய பெயர் அக்கருவிக்கே முதலிற் பொருந்தியது. இன்றைய கடிகாரம் எதனையும் எழுதுவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எழுதாமலே அளத்தற்கு, ஓடி நின்ற முள்ளை உடனே சுழிக்குக் கொணரும் உபாயம் தேவைப்பட்டது. அடோல்ப் நிக்கோல் என்பார் 1844 இல் அதற்குரிய இதயவடிவத் தகட்டுக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். 1862 இல் ஓட்டம், நிறுத்தம், மீட்பு ஆகிய மூன்று செயல்களும் நிறைந்த காலவரைவுக் கடிகாரம் காட்சிக்கு வந்தது. கைக்கடிகாரமாகிய பின், 1934 இல் பிறைற்லிங் நிறுவனத்தார் ஓட்டத்துக்கு ஒன்றும் மீட்புக்கு ஒன்றுமாக இரு பொத்தான்களை அமைத்தனர். 1961 இல் சீனத்தின் தியான்சின் நகரத் தொழிற்சாலை தன் நாட்டு வான்படைக்கெனக் காலவரைவுக் கடிகாரம் செய்ய முற்பட்டது. சுவிற்சர்லாந்தின் வீனஸ் 175 என்னும் பொறியின் அமைப்பே அதற்கு அடிப்படையாயிற்று. அவ்வமைப்பின் வழிவந்த பொறி இன்றும் அங்கு செய்யப்படுகின்றது. இன்றைய ஆர்வலர் பலருக்கு முதற் பாடநூலாய் அமைவதும் அதுவே.

1969 இல் இருவேறு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. தானாக முறுக்கிக்கொள்ளும் காலவரைவுக் கடிகாரங்கள் அவ்வாண்டில் வெளிவந்தன. அவ்வாண்டு டிசெம்பரிலேயே யப்பானின் சீக்கோ நிறுவனம் பளிங்கினால் இயங்கும் மின்கலக் கைக்கடிகாரத்தையும் வெளியிட்டது. பின்னையது முன்னையதன் சந்தையைச் சில ஆண்டுகளிற் கவர்ந்தது. சுவிற்சர்லாந்தின் செனித் தொழிற்சாலையில் வில்லினால் இயங்கும் கடிகாரங்களை நிறுத்திவிடுமாறு 1975 இல் ஆணை பிறந்தபோது, சாள்ஸ் வெர்மோ என்னும் கைவினைஞர் காலவரைவுக் கடிகாரத்துக்குரிய அச்சுக்களையும் கருவிகளையும் மேன்மாடத்தில் மறைத்து வைத்து, ஒவ்வொன்றின் பயனையும் எழுதியும் வைத்தார். 1984 இல் அப்பொறிக்கு மீண்டும் தேவை எழுந்தபோது அக்கருவிகளே உதவின. கருவி எஞ்சினும் அதன் பயன் எழுதப்படாவிடின் கலை எஞ்சாது என்பதற்கு இது தக்க சான்று.

கீழ்ப்பொறி

காலவரைவுக் கடிகாரத்தின் கீழ்ப்பொறி ஏனைய கைக்கடிகாரங்களின் பொறியே. உருளைப் பேழையொன்றினுள் சுருண்டு கிடக்கும் முதல்வில் விரிய முயல்கிறது. அம்முயற்சி பற்சில்லுகள் வழியே கடத்தப்பட்டு இறுதியில் விடுவிப்புச் சில்லை அடைகிறது. அங்கே நங்கூரம் போன்ற சிறு நெம்பு ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு பல்லை மாத்திரம் செல்லவிடுகிறது. அந்நெம்பை ஆட்டுவது அலைவுச் சில்லு. அதனை மீட்டுக் கொணர்வது மயிரினும் மெல்லிய சுருள்வில். ஊசலாடும் ஊஞ்சலை உரிய வேளையில் உந்திவிடுவதுபோல ஒவ்வோர் அலைவிலும் நங்கூரம் சில்லைச் சிறிது உந்துகிறது.

பழைய கடிகாரங்கள் பெரும்பாலும் மணித்தியாலத்துக்கு 18,000 அடிகள் அடிப்பன. அஃதாவது செக்கனுக்கு 5. நாளொன்றுக்கு இத்தொகை 432,000 ஆகிறது. அடிக்கு ஒருமுறை முள் நகர்வதால், இத்தகைய கடிகாரம் செக்கனின் ஐந்திலொரு பங்குக்குக் குறைந்த எதனையும் காட்டாது. 21,600 அடிகளுடையது ஆறிலொரு பங்கையும், 28,800 அடிகளுடையது எட்டிலொரு பங்கையும், 36,000 அடிகளுடையது பத்திலொரு பங்கையும் காட்டும்.

இவ்வெல்லையை விளையாட்டு வரலாற்றில் வைத்து நோக்கலாம். 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் நம் நாட்டு டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் பெற்ற நேரம் 51.8 செக்கன். பத்திலொரு பங்கே அன்று ஏட்டில் ஏறிய அளவு. 1984 இல் லொஸ் ஏஞ்சல்சில் அதே பந்தயத்தில் கேரளத்துப் பி. ரி. உஷா 55.42 செக்கனில் ஓடினார். வெண்கலம் பெற்றவரின் நேரம் 55.41. நூறிலொரு பங்கினால் பதக்கம் கை நழுவியது. வில்லினால் ஓடும் எந்தக் கைக்கடிகாரமும் அவ்விருவரையும் வேறுபடுத்தியிராது. 1977 முதல் உலக சாதனைகளுக்கு, 400 மீற்றர் வரையுள்ள ஓட்டங்களில், மின்முறை நேரக்கணிப்பே ஏற்கப்படுகிறது. ஆயினும் மின்முறைக் கருவிகள் இல்லாத பாடசாலை மைதானங்களில் இன்றும் கைவிரலே நேரத்தை அளக்கிறது.

மேற்பொறி

இனி, கீழ்ப்பொறியின் முதுகில் அமர்ந்திருக்கும் மேற்பொறியை நோக்குவோம். கீழ்ப்பொறியில் நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும் சில்லொன்று உண்டு. அது நான்காம் சில்லு எனப்படும். அதன் அச்சு பின்புறமாக நீண்டு, அங்கே இன்னொரு நுண்பற்சில்லைத் தாங்கி நிற்கிறது. இதனைச் செலுத்துசில்லு என்போம். கடிகாரம் ஓடும் காலமெல்லாம் இச்சில்லும் ஓய்வின்றிச் சுழலும். நடுவில் வேறொரு சில்லு அசைவற்று நிற்கும். நெடிய செக்கன் முள் அதன் அச்சிலே பொருத்தப்பட்டுள்ளது. ஓடுவதும் நிற்பதுமாகிய இவ்விரண்டுக்குமிடையே ஊசலாடும் நெம்பொன்றின் மீது மூன்றாவது சில்லொன்று அமர்ந்துள்ளது. அதுவே இணைப்புச் சில்லு. பொத்தானை அழுத்த, நெம்பு சாய்ந்து இணைப்புச் சில்லை நடுச்சில்லோடு பொருத்துகிறது, முள் ஓடுகிறது. மறுமுறை அழுத்த, நெம்பு விலகுகிறது. அக்கணமே தடுப்பொன்று நடுச்சில்லைப் பற்றி நிறுத்துகிறது.

எந்த நெம்பு எப்போது சாயவேண்டும், எப்போது விலகவேண்டும் என்பதைக் கட்டளையிடுவது தூண்சில்லு. கோயிலின் மண்டபத் தூண்கள்போல வட்டமாகப் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு சிறு தூண்கள் நிற்க, அவற்றின் அடியில் அத்தொகையின் இருமடங்கு பற்கள் உள்ளன. ஒருமுறை அழுத்த ஒரு பல் நகரும். நெம்பின் மூக்கு தூணின்மீது மோதி நிற்பின் ஒரு நிலை. இரு தூண்களின் இடைவெளியில் விழுந்திடின் மறு நிலை. இரு நிலைக்கு ஒரு தூண் என்பதனாலேயே பற்கள் இருமடங்காயின. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பின்னாளில் தூண்சில்லுக்குப் பதிலாக அச்சிற் பதித்தெடுத்த தகடுகளைப் பயன்படுத்தினர். வல்ஜூ 7733, 7750 முதலிய பொறிகள் அவ்வகையின. 1969 இல் வெளிவந்த சீக்கோ 6139 தூண்சில்லை உடையதாயினும், பக்கவாட்டில் பற்களைப் பொருத்தாது, மேலும் கீழுமாக அழுத்திப் பிடிக்கும் இணைப்பைக் கொண்டது.

மீட்பு முறையே இவற்றுள் மிக்க நயமுடையது. நடுச்சில்லின் அச்சில் இதயவடிவத் தகடொன்று இறுகப் பொருந்தியுள்ளது. அதன் விளிம்பு, நடுவிலிருந்து, ஒரு பள்ளத்தில் தொடங்கி இருபுறமும் சீராக உயர்ந்து மறுகோடியில் ஒரு முனையிற் சந்திக்கிறது. மீள்பொத்தானை அழுத்தச் சுத்தியல் போன்ற நெம்பு அவ்விளிம்பின்மீது விழுகிறது. எவ்விடத்தில் விழுந்தாலும் விளிம்பு சரிவாகவே இருத்தலின் தகடு சரிவின் வழியே சுழன்று, பள்ளத்தின் இருபுறத் தோள்களிலும் சுத்தியலின் முகம் தட்டையாகப் படிந்ததும் நிலைகொள்ளும். மலையுச்சியில் விழுந்த மழைநீர் எப்பக்கம் வழிந்தாலும் ஒரே குளத்தை அடைவதை இதற்கு ஒப்பிடலாம். நிமிடங்களை எண்ணும் சில்லுக்கும் இவ்வாறே ஓர் இதயத் தகடுண்டு. நடுச்சில்லில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு விரல் சுற்றுக்கு ஒருமுறை இடைச்சில்லின் ஒரு பல்லைத் தள்ள, நிமிட முள் ஒரு கோடு நகரும். சிறு வில்லொன்று அதனை அக்கோட்டிலேயே நிறுத்திவைக்கும்.

இங்கு மனத்திற் கொள்ளவேண்டியது யாதெனின், மேற்பொறிக்குத் தனக்கென ஆற்றல் இல்லை என்பதாம். அது கீழ்ப்பொறியிடம் இரவல் வாங்கி வாழ்கிறது. கீழ்ப்பொறி வலுவிழந்திருப்பின் மேற்பொறி பொருந்தும்போது முழுக் கடிகாரமும் நின்றுவிடும்.

நோயறிதல்

மருத்துவத்திற்கு வள்ளுவர் வகுத்த முறை இதற்கும் பொருந்தும்: முதலில் நோய், அடுத்து அதன் காரணம், அதன் பின்னரே தீர்க்கும் வழி. கூட்டைத் திறக்கு முன்னரே பலவற்றை அறியலாம். முழுமையாக முறுக்கி, காலவரைவை ஓட்டாமல் ஒரு நாள் விட்டுவைத்துப் பார்த்தல் வேண்டும். பின் காலவரைவை ஓட்டியபடி சில மணித்தியாலங்கள் பார்த்தல் வேண்டும். முதற் சோதனையிலேயே கடிகாரம் நின்றால் குற்றம் கீழ்ப்பொறியினது. முதலாவதில் ஓடி இரண்டாவதில் நின்றால், கீழ்ப்பொறி எண்ணெய் வற்றி மெலிந்திருக்கலாம்; அல்லது இணைப்புச் சில்லின் பற்கள் நடுச்சில்லின் பற்களில் அளவுக்கு மிஞ்சி ஆழப் பதிந்திருக்கலாம். இன்று கைத்தொலைபேசியின் ஒலிவாங்கி வழியே அடிகளைக் கேட்டு நாளுக்கு எத்தனை செக்கன் முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டும் வசதி உண்டு. அதற்கெனவுள்ள சோதனைக் கருவியாயின் அலைவுச் சில்லு எத்தனை பாகை சுழல்கிறது என்பதையும் காட்டும். நலமுள்ள கடிகாரம் கிடையாக வைத்தபோது 270 பாகையளவில் ஆடும். காலவரைவை ஓட்டியதும் அது சிறிது குறைதல் இயல்பு. பெரிதும் வீழ்தல் நோய்.

செக்கன் முள் சுழிக்கு மீளாமை அடிக்கடி காணப்படும் குறை. ஒவ்வொரு முறையும் ஒரே தவறான இடத்தில் முள் நின்றால், முள் பொருத்தப்பட்ட கோணமே தவறு, பொறியில் குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்தில் நின்றால், முள்ளின் துளை தளர்ந்து அச்சில் வழுக்குகிறது. அல்லது தடித்த பழைய எண்ணெய் சுத்தியலை முழுமையாக விழவிடாமல் தடுக்கிறது. முள் ஓடும்போது நடுங்குமாயின் நடுச்சில்லைத் தொட்டு நிற்கும் மெல்லிய உராய்வு வில் வளைந்திருக்கலாம். விட்டுவிட்டு ஓடுமாயின் பற்கள் போதிய ஆழம் பொருந்தவில்லை. நிமிட முள் நகராதாயினும், ஒரேயடியாக இரு கோடு தாவுமாயினும், விரலையும் இடைச்சில்லையும் நோக்குதல் வேண்டும். பொத்தான் உள்ளே சென்று மீளாதாயின் குற்றம் பொறியிலன்றிப் பொத்தானின் குழாயில் இறுகிய வியர்வையிலும் புழுதியிலும் இருத்தல் கூடும். சோளகக் காற்றில் செம்புழுதி பறக்கும் வன்னி நிலத்தில் இதுவே முதலில் ஐயுறத்தக்கது. நேற்றுவரை நன்றாயோடிய கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்துமாயின், சுருள்வில் காந்தமேறி அதன் சுற்றுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். திசைகாட்டியை அருகிற் கொணர்ந்து பார்த்தால் உண்மை விளங்கும். ஒலிபெருக்கியருகே கடிகாரத்தை வைப்பதால் வரும் கேடு இது.

மேற்கூறியவற்றுள் எத்தனை உடைவினால் வருவன, எத்தனை அழுக்கினாலும் வறட்சியினாலும் வருவன என்று எண்ணிப் பார்த்தால், பின்னையனவே மிகுதி என்பது புலனாகும். ஆதலின் ஆர்வலன் செய்யவேண்டிய தொழில் பெரும்பாலும் கழுவுதலும் எண்ணெயிடுதலுமேயன்றி, மாற்றுதலும் வளைத்தலுமன்று.

தொழில்முறை

வேண்டிய கருவிகள் சிலவே: உருப்பெருக்கும் கண்வில்லை ஒன்று, நுனி சீரான சாவணங்கள் இரண்டு, அளவுக்கேற்பத் தீட்டிய சிறு திருப்புளிகள், முள் கழற்றி, எண்ணெய்க் குச்சி, காற்று ஊதும் இறப்பர்க் குமிழ். மேசை மார்பளவு உயரமுள்ளதாயிருத்தல் நலம். கீழே விழும் உறுப்பு தரையை அடையாதிருக்க மடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்வர். மின்விசிறியை நிறுத்திவிடுதல் வேண்டும்.

முதற் கட்டளை, முதல்வில்லின் முறுக்கை மெல்ல விடுவித்தல். முறுக்கு இருக்கையில் நங்கூரத்தைக் கழற்றினால் சில்லுகள் கட்டின்றிச் சுழன்று முறியும். இரண்டாவது, ஒவ்வொரு படியிலும் படம் எடுத்தல். மூன்றாவது, திருகாணிகளைக் கலவாதிருத்தல். தாளொன்றில் பொறியின் உருவை வரைந்து, அந்தந்த இடத்திலேயே அந்தந்தத் திருகாணியை வைத்தல் எளிய உபாயம். நீளத்தில் நூலிழை வேறுபாடுடைய இரு திருகாணிகளை மாற்றி இட்டால், நீண்டது கீழேயுள்ள சில்லைக் குத்தி நிறுத்தும்.

அதன்பின் மேற்பொறியை முழுமையாகக் கழற்றி ஒருபுறம் வைத்தல் வேண்டும். செலுத்துசில்லு நான்காம் சில்லின் அச்சில் இறுகச் செருகப்பட்டிருப்பதால், அதனை இழுத்தெடுப்பதற்கெனவுள்ள கருவியின்றிக் கிளப்பலாகாது. ஆர்வலர் கையில் அச்சு முறிவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். பின் கீழ்ப்பொறியைக் கழற்றிக் கழுவுதல் வேண்டும். கழுவும் திரவங்கள் எளிதிற் தீப்பற்றுவனவாதலின் விளக்கின் அருகிலோ அடைத்த அறையிலோ இதனைச் செய்தல் கூடாது. நங்கூரத்தின் இரு கற்களும் அரக்கினால் ஒட்டப்பட்டவை. அரக்கு மதுசாரத்தில் கரையும். எனவே நங்கூரத்தை மதுசாரத்தில் ஊறவிடுதல் ஆகாது. அச்சு நுனி நின்று சுழலும் கற்குழிகளைக் கூராக்கிய மெல்லிய மரக்குச்சியால் துடைத்தல் வேண்டும். அலைவுச் சில்லின் அச்சு நுனி ஏறத்தாழ மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கே பருமனுடையது. ஒரு தூசியும் அதற்கொரு பாறை.

எண்ணெயிடுதலில் மிகையே பெருங்குற்றம். விரைந்து சுழலும் நுனிகளுக்கு நீர்த்த எண்ணெய். மெல்லச் சுழன்று பெரும் பாரம் தாங்குவனவற்றுக்குத் தடித்த எண்ணெய். நெம்புகள் உரசும் இடங்களுக்கும் தூண்சில்லின் பக்கங்களுக்கும் சிறிதளவு கிறீஸ். கற்குழி நிரம்பி வழியலாகாது. வழிந்த எண்ணெய் தகட்டில் பரவி, குழியில் இருந்ததனையும் உறிஞ்சிச் சென்றுவிடும். பற்சில்லுகளின் பற்களுக்கு எண்ணெய் இடுவதில்லை; இடின் அது புழுதியைச் சேர்க்கும் பசையாகிவிடும்.

கீழ்ப்பொறியை மீளப் பூட்டிய பின் உடனே மேற்பொறியை ஏற்றுதல் கூடாது. ஒரு முழுநாள் அது தனித்து ஓடுவதைக் கண்ட பின்னரே மேற்பொறியை ஏற்றல் வேண்டும். அவ்வாறு செய்தால், பின்னர் தோன்றும் குறை எதுவாயினும் அது மேற்பொறியினது என்று ஐயமின்றி அறியலாம்.

விலக்கத்தக்கன

மேற்பொறியில் திருகாணி போலத் தோற்றமளித்தும் திருகாணியல்லாத சில தலைகள் உண்டு. அவை மையம் விலகிய ஆணிகள். இணைப்புச் சில்லு எவ்வளவு ஆழம் பொருந்தவேண்டும், விரல் எவ்வளவு தூரம் தள்ளவேண்டும் என்பனவற்றைத் தொழிற்சாலையில் அவற்றைத் திருப்பியே அமைத்தனர். இறுக்கப்படாத திருகாணி என்றெண்ணி ஒன்றைத் திருப்பினால் அவ்வமைப்பு முழுதும் கெடும். திருப்ப நேரின் முதலில் இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, மயிரளவே திருப்பி, ஒவ்வொரு முறையும் சோதித்தல் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டைத் திருப்புவோர் எது எதனைச் செய்தது என்று ஒருநாளும் அறியார்.

காலவரைவு ஓடுகையில் மீள்பொத்தானை அழுத்துதல் பெரும்பாலான கடிகாரங்களுக்குத் தகாது. அது அழுந்தாது நிற்பது பழுதன்று, காவல். வலிந்து அழுத்தினால் நெம்பு முறியும்.

இருளில் ஒளிரும் பழைய முகப்புக்களைப் பற்றித் தனியே எச்சரித்தல் வேண்டும். ஏறத்தாழ 1960 களின் முற்பகுதிவரை செய்யப்பட்ட பல கடிகாரங்களின் எண்களிலும் முட்களிலும் பூசியது றேடியம் கலந்த வண்ணம். ஒளிர்வு மங்கிவிட்டதால் நஞ்சும் நீங்கிவிட்டதென்று கருதலாகாது. மங்கியது ஒளிரும் பொருளே. றேடியத்தின் வலிமை பாதியாகக் குறைதற்கே ஏறத்தாழ 1600 ஆண்டுகள் வேண்டும். 1920 களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அவ்வண்ணத்தைத் தூரிகையால் தீட்டி, தூரிகை முனையை உதட்டில் கூராக்கிய பெண்கள் நோயுற்று மாண்டனர். அத்தகைய முகப்பைச் சுரண்டுதலும், அதன் பொடியை ஊதுதலும், உணவருந்தும் மேசையில் அதனைத் திறத்தலும் கூடா.

நம் நிலத்தில் இக்கருவி

நூறிலொரு செக்கனைக் கைத்தொலைபேசி காட்டும் இந்நாளில் இப்பழைய பொறியின்பால் இத்துணை உழைப்பு எதற்கு என்று மாணவர் வினவுதல் கூடும். 1970 ஏப்ரலில், அப்போலோ 13 விண்கலம் பழுதுற்று மின்னாற்றலைச் சிக்கனப்படுத்த நேர்ந்தபோது, பாதையைச் சீராக்குதற்கு இயந்திரத்தை 14 செக்கன் இயக்க வேண்டியிருந்தது. விண்வெளி வீரர் ஜாக் சுவிகேற் அதனைத் தம் கையிலிருந்த ஒமேகா காலவரைவுக் கடிகாரத்தைக் கொண்டே அளந்தார். மின்னின்றி ஓடும் கருவியின் அருமை மின்னற்ற வேளையிலேயே விளங்கும்.

அதனை அறிய நாம் விண்ணுக்குச் செல்ல வேண்டியதில்லை. போர்க்காலத்தில் வன்னிக்குக் கொண்டுவரத் தடைசெய்யப்பட்டிருந்த பொருட்களுள் பற்றரியும் ஒன்று. கலம் தீர்ந்த கடிகாரங்கள் நின்றன. முறுக்கும் மணிக்கூடுகள் ஓடின. இன்னொன்றையும் நினைவிற் கொள்ளலாம். 1996 மேயில் இலங்கை அரசு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொணர்ந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே மீண்டது. விடுதலைப் புலிகளின் ஆளுகையிலிருந்த பகுதிகள் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன. ஆகவே பத்தாண்டுக் காலம் ஒரே தீவில் இரு நேரங்கள் வழங்கின. எல்லையைக் கடந்தவர் முள்ளைத் திருப்பிக்கொள்ள நேர்ந்தது. மணி என்ன என்பதற்கு ஆட்சி விடை கூறலாம். எவ்வளவு நேரம் சென்றது என்பதற்கோ இருபுறத்தும் விடை ஒன்றே. காலத்தை அறிதலுக்கும் அளத்தலுக்கும் முதலிற் கூறிய வேறுபாடு இவ்வாறு நம் கண்முன்னே நிகழ்ந்தது.

2009 இல் யாவற்றையும் இழந்து இடம்பெயர்ந்தோர் சிலருக்கு, மாண்டவர் கையிற் கட்டியிருந்த மணிக்கூடு ஒன்றே எஞ்சிய பொருளாயிற்று. தண்ணீரூற்று, முள்ளியவளை முதலிய ஊர்களில் அத்தகைய கடிகாரங்கள் இன்றும் பெட்டியில் உறங்குகின்றன. அவற்றைத் திருத்த விழைவோர் முதலில் ஒரு வினாவைத் தம்மிடம் கேட்டல் வேண்டும்: உரியவர் விரும்புவது ஓடும் கடிகாரத்தையா, அவர் கட்டியிருந்த கடிகாரத்தையா? உப்பு நீர் புகுந்து துருவேறிய உருக்கு உறுப்புக்கள் கழுவுதலால் மீளா, மாற்றவே வேண்டும். பல உறுப்புக்களை மாற்றிய பின் ஓடுவது வேறொரு கடிகாரமாகவும் ஆகலாம். கீறல் விழுந்த கண்ணாடியையும் மங்கிய முகப்பையும் புதுக்கிவிட்டு, மகிழ்வர் என எண்ணிக் கையளிக்கப்பட்ட மணிக்கூட்டைக் கண்டு தாயொருத்தி வருந்துதல் கூடும். எனவே உரியவரைக் கேளாது முகப்பையோ கூட்டையோ மினுக்குதல் தகாது. மாற்றிய பழைய உறுப்பு ஒவ்வொன்றையும் சிறு பொதியிலிட்டு அவரிடமே திரும்பக் கொடுத்தல் வேண்டும். சிலவற்றைத் திறவாது, உலர்ந்த இடத்தில் அவ்வாறே பேணச் சொல்லுதலே நல்ல பழுதுநீக்கமாகும்.

ஆர்வலன் முதலில் திறக்கும் கடிகாரம் இத்தகையதாய் இருத்தல் ஒருபோதும் ஆகாது. பயனற்றதென்று ஒதுக்கப்பட்ட, காலவரைவு இல்லாத எளிய மணிக்கூடொன்றைப் பத்துமுறை கழற்றிப் பூட்டுக. ஒவ்வொரு முறையும் அது முன்னையிலும் நன்றாக ஓடுமாயின், அதன்பின் காலவரைவுப் பொறியைப் பழகுக. அதிலும் கை பழகிய பின்னரே பிறர் பொருளைத் தொடுக. இந்தியாவில் 1961 முதல் மணிக்கூடு செய்துவந்த எச். எம். ரி. யின் கடிகாரப் பிரிவை மூட 2016 இல் அரசு முடிவு செய்தது. எனினும் அதன் பழைய கடிகாரங்கள் இன்னும் கைமாறி வருகின்றன. பயில்வோருக்கு அவை ஏற்றன.

நெம்பு, உராய்வு, விசை, அலைவு, காந்தம் என நாம் கரும்பலகையில் தனித்தனியே வரைந்து காட்டுவன யாவும் இச்சிறு கூட்டினுள் ஒருங்கே தொழிற்படுகின்றன. பாடசாலை விஞ்ஞான மன்றங்கள் ஒதுக்கப்பட்ட மணிக்கூடு சிலவற்றைச் சேர்த்து, மாணவர் பயில மேசையொன்றை ஒதுக்குதல் பெருஞ் செலவன்று. அயலில் எஞ்சியிருக்கும் முதிய மணிக்கூட்டுக் கைவினைஞரை மாதம் ஒருமுறை அழைத்து, அவர் கை செய்வதையும் வாய் சொல்வதையும் மாணவர் குறிப்பேட்டில் எழுதி வைப்பாராயின், ஒரு தொழிற்கலை அவரோடு மறையாது காக்கப்படும். கருவிகளோடு அவற்றின் பயனையும் எழுதி வைத்த அச்சுவிற்சர்லாந்துக் கைவினைஞரின் வழியும் அதுவே.